வட்டப் பத்திரிகை

முனீஸ்வரி தன் வீட்டுக் கார் ஷெட்டை வசுந்தராவுக்கு வாடகைக்கு விட்டபோது, தல்லாகுளத்தில் எங்கள் தெருவே கொஞ்சம் கவலைப்பட்டது. அந்தப் பெண் உள்ளே என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எதிர்வீடு என்னுடையது என்பதால், தெரிந்துகொள்ளும் பொறுப்பு இயல்பாகவே என் தலையில் விழுந்தது. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன்.

கைப்பிடி வைத்த பழைய அச்சு மிஷின் ஒன்று. பெரிய பிளாஸ்டிக் டப்புகள். கொடியில் துணி காயப்போட்டதுபோல் வரிசையாகக் காகிதம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைதோறும் வந்து, சுங்குடிச் சேலைக் கடைகளில் மிஞ்சிய வெட்டுத்துணியை ஊறவைத்து, கூழாக அரைத்து, வலையில் அள்ளிக் காகிதம் செய்தார்கள். பிறகு அதில் அச்சடித்தார்கள். இதற்குப் பெயர் பயிற்சிப் பட்டறையாம். அவர்களில் காவ்யஸ்ரீ என்ற பெண் முழங்கைவரை மை பூசிக்கொண்டு நின்றாள். பெற்றவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

"ஏம்மா, கடைக்குப் போனா பேப்பர் கிடைக்காதா?" என்று வசுந்தராவிடம் கேட்டேன்.

"கிடைக்கும்க்கா. வாங்கிட்டா இதுங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?"

பட்டறை முடியும் சமயத்தில் பிள்ளைகள் ஒரு நிஜ வேலை செய்ய வேண்டும் என்பது வசுந்தராவின் ஏற்பாடு. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கல்ல. ஒரு வீட்டுக்காரர் உண்மையாகவே பயன்படுத்துகிற ஒன்றை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவள் அதைச் சொன்ன நேரத்தில் முனீஸ்வரி அங்கே நின்றிருந்தாள்.

"எம்மகளுக்குக் காது குத்தணும். பத்திரிகை அடிச்சுத் தர்றீகளா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத்தான் புரையேறியது. அந்தக் குழந்தை யுகேஜி போகிறது. இன்னும் மூளிக் காது. குத்தாமல் இருப்பதற்குக் காரணமே பத்திரிகைதான்.

முனீஸ்வரியின் அப்பாவுக்கு இரண்டு சம்சாரம். இருவரும் அக்கா தங்கைதான். மூத்தவளுக்கு வெகுநாள் பிள்ளையில்லாததால் இளையவளைக் கட்டினார். கட்டியதும் இருவரும் ஒரே சமயத்தில் உண்டானார்கள். இளையவளுக்கு முத்திருளன் முதலில் பிறந்தார். மூத்தவளுக்குச் சிவக்குமார் மூன்று மாதம் கழித்துப் பிறந்தார். ஆக, வயதில் பெரியவர் முத்திருளன். முறையில் பெரிய வீட்டுப் பிள்ளை சிவக்குமார். முனீஸ்வரி பிறந்தது மூத்தவள் வயிற்றில், வளர்ந்தது இளையவள் கையில். அவள் யார் பக்கம் பேச முடியும்?

அவள் கல்யாணப் பத்திரிகையில் முத்திருளன் பெயர் மேலே வந்துவிட்டது. சிவக்குமார் மண்டப வாசல்வரை வந்து அப்படியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சில்லை. தாய்மாமன் இருவரும் வந்தால்தான் காதுகுத்து, ஒருவர் குறைந்தாலும் வேண்டாம் என்று முனீஸ்வரி பிடிவாதமாக இருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஜெயபாண்டிக்குக் கோர்ட்டில் வேலை. அவரிடம் எதற்கும் இரண்டு தரப்பு உண்டு.

"ரொம்பச் சுலபம்மா. பாதிப் பத்திரிகையில அவரு மேல, பாதியில இவரு மேல. ஆளைப் பாத்துக் குடுத்துருவோம்."

"சார், ஒருத்தர் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டா?" என்றாள் வசுந்தரா.

ஜெயபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தத் தரப்பு அதோடு முடிந்தது.

வழி சொன்னது காவ்யஸ்ரீ. எம்பிராய்டரி போடுகிற வளையத்தில் கொசுவலையைக் கட்டினாள். கூழில் முக்கித் தூக்கினாள். காகிதம் வட்டமாகவே வந்தது.

"வட்டத்துக்கு ஏது மேல கீழ? ஓரத்தைச் சுத்தி ஒரு பாதி அவர் பேரு, மறுபாதி இவர் பேரு. யாரு கையில வாங்குறாங்களோ அவங்க திருப்பிப் படிச்சுக்கட்டும். தேதி, கோயில் எல்லாம் பின்பக்கம்."

ஜெயபாண்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்பளம் மாதிரில்ல இருக்கு!"

"பொரிச்சுராதீங்க சார்" என்றாள் காவ்யஸ்ரீ.

ரப்பர் தகட்டில் இரண்டு பெயரையும், அச்சில் நேராக விழும்படி, இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள். இந்தப் பெயருக்கு அந்தப் பெயர் ஒரு நூல்கூடப் பெரிதாகிவிடக் கூடாது என்று முனீஸ்வரி ஸ்கேலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாதிரிப் பிரதி வந்ததும் எல்லாரும் கூடினோம். நல்ல அச்சு, மை எங்கும் கசியவில்லை. ஆனால் நடுவில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். சுழியை நேராகப் பிடித்தால் முத்திருளன் மேலே போய்விட்டார்.

"சுழியைத் திருப்பிருவோம்" என்றாள் காவ்யஸ்ரீ. திருப்பினால் சிவக்குமார் மேலே.

"பக்கவாட்டுல வச்சா?" என்று அவளே கேட்டாள்.

"பிள்ளையாரைப் படுக்கப் போடுவியாத்தா?" என்றேன் நான். வேறு யார் கேட்பார்கள்?

வசுந்தரா மிஷின் மேல் சாய்ந்து நின்றாள். பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. சுழியில்லாமல் பத்திரிகை கொடுத்தால் இரண்டு மாமன்மாரும் ஒருசேரக் கோபித்துக்கொள்வார்கள். அதில் மட்டும் ஒற்றுமை இருக்கும்.

முனீஸ்வரிதான் மெல்லச் சொன்னாள். "எப்படியும் பத்திரிகைக்கு மஞ்சள் தடவித்தான குடுப்போம்? மூலையில தடவ இதுல மூலையே இல்ல. நடுவுல ஒரு பொட்டா வைங்க. பூசையில பிள்ளையாரை மஞ்சள்லதான செய்யிறோம்."

காவ்யஸ்ரீ தகட்டிலிருந்த சுழியைச் சுரண்டி எடுத்தாள். அத்தனை பத்திரிகைக்கும் பிள்ளைகளே விரலால் மஞ்சள் வைத்தார்கள். கல்லூரியில் அதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

பத்திரிகை வைக்கப் போன காரில் ஒரு இடம் காலியாக இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

நாகமலை புதுக்கோட்டையில் சிவக்குமார் தாம்பாளத்திலிருந்து எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். தன் பெயர் மேலே வந்ததும் கை நின்றது. "ம். இப்பத்தான் ஒங்களுக்கு முறை தெரிஞ்சிருக்கு. வாரேன்" என்றார். பேரையூரில் முத்திருளனும் அப்படியே ஒரு சுற்று. "வயசுக்கு ஒரு மரியாதை வேணும்ல மாப்ள? வாரேன்." முனீஸ்வரி காரில் ஏறித்தான் மூச்சு விட்டாள்.

குலசாமி கோயில் பேரையூருக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டுக்கு நடுவில். தங்கள் பத்திரிகையை மக்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வசுந்தராவும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நன்றாகவே பிடித்தார்கள். பாதிப்பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மாமன்மார் இருவரும் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சொந்தக்காரர் விருமாண்டி சும்மா இருக்கிற ஆளா? நடுவில் போய் நின்று சத்தமாகக் கேட்டார்: "ஆமா, பத்திரிகையில யாரு பேருப்பா முதல்ல?"

"எம்பேருதான்" என்று இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

முனீஸ்வரி கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. முத்திருளன் சட்டைப்பையிலிருந்து தன் பத்திரிகையை எடுத்தார். சிவக்குமார் தன்னுடையதை எடுத்தார். முத்திருளன் ஒருமுறை சுற்றினார். சிவக்குமார் ஒருமுறை சுற்றினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முத்திருளன் வாய் திறந்து தம்பியிடம் பேசினார்.

"ஏப்பா, ஒனக்கும் இதே அப்பளம்தானா?"

"இதேதான்."

"நம்ம மாப்ள ரெண்டு பேரையும் ஒண்ணாச் சுத்த விட்டுட்டானே!"

"கோர்ட்டுக்காரன்ல. அப்படித்தான் இருப்பான்."

ஜெயபாண்டி மெதுவாகப் பந்தல்கால் பக்கம் ஒதுங்கினார். மாமன்மார் இருவரும் சேர்ந்து அவரைத் திட்டத் தொடங்கினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுத்தார். பாவம், யோசனை அவருடையதே இல்லை. ஆனால் அவரும் மறுக்கவில்லை.

ஆசாரி ஊசியோடு கூப்பிட்டார். "மாமன் மடியில பிள்ளைய உக்கார வைங்க."

மடி ஒன்றுதான். பத்திரிகையோடு அதையும் வட்டமாக்க யாருக்கும் தோன்றவில்லை. காவ்யஸ்ரீ வசுந்தராவைப் பார்த்தாள். வசுந்தரா தரையைப் பார்த்தாள். முனீஸ்வரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றாள்.

முத்திருளன் கையிலிருந்த பத்திரிகையை மடிக்காமல் பைக்குள் வைத்தார். "எனக்கு முட்டி மடங்காது. டாக்டரு கீழ உக்காரவே கூடாதுன்னுட்டாரு. நீ உக்காருப்பா."

சிவக்குமார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சம்மணம் போட்டார். முதல் காது குத்தும்வரை குழந்தை வெல்லக்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. குத்தியதும் கோயிலே அதிர வீறிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. "தலையப் பிடிங்கப்பா!" என்று ஆசாரி கத்தினார்.

முத்திருளன் பொத்தென்று தரையில் மண்டி போட்டு, தம்பி தோளில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"மச்சான், முட்டி..." என்று ஜெயபாண்டி ஆரம்பித்தார்.

முனீஸ்வரி அவர் காலை மிதித்தாள். இரண்டாவது காதும் ஆயிற்று.