மூன்று நாளைக்கு ஒரு சார்

முழங்கால் இரண்டும் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு முழங்கால்தான் பாதம். அதிலேயே நின்று, அதிலேயே நகர்ந்து, ஒரு அறையை முடித்துவிட்டு எழுந்தால் இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய காலையோ ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அதோடு வேனும் ஓட்டியிருந்தான். கடலோரத்து வாடகை வீட்டின் வாசலில் இறங்கியபோது வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"என்ன மச்சான், வண்டியை விட்டுப் பிரிய மனசு வரலையா?" என்றார் அக்கா புருஷன்.

"இல்ல மாமா, கால் இன்னும் வந்து சேரல. பின்னாடி வந்துக்கிட்டு இருக்கு."

இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம் அது. கிளம்புவதற்கு முந்தைய மாதமே வீடா, ஹோட்டலா என்று ஒரு வழக்கு நடந்து முடிந்திருந்தது. ஹோட்டல் என்றால் தனித்தனி ரூம், மூன்று வேளையும் வெளியே சாப்பாடு. வீடு என்றால் சமையலறை, கூடம், பிள்ளைகள் ஓட இடம். "ஹோட்டல்ல என்னடா இருக்கு? ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கிட்டு உட்காரவா அவ்வளவு தூரம் போறோம்?" என்று அக்கா கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

அவன் மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னாள், "ஹோட்டல்னா நல்லா இருக்கும் அண்ணி."

அவளுக்கு வேலையே ஒரு ஹோட்டலில்தான். அறைகளைச் சுத்தம் செய்து, விரிப்பு மாற்றி, அடுத்த ஆளுக்குத் தயார் செய்கிற வேலை. "காலையில எழுந்திருக்கணும். படுக்கையை அலங்கோலமா அப்படியே போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய போகணும். திரும்பி வந்து பார்த்தா அது விரிச்சு இருக்கணும். ஒரே ஒரு நாள்" என்றாள்.

அதற்கு அவன்தான் சொன்னான், "தினம் ஹோட்டல்லதானே கிடக்குற. உனக்கு இன்னும் அலுக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவன் போனை எடுத்து வீட்டைப் பதிவு செய்துவிட்டான்.

வீட்டுக்காரம்மா வாசலுக்கே வந்து நின்றிருந்தார். நரைத்த தலை, பளிச்சென்ற முகம். பின்பக்கத்துச் சின்ன வீட்டில் தான் இருந்துகொண்டு முன் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர். "வாங்க சார், உள்ள வாங்க. பரவாயில்ல சார், செருப்போடவே வாங்க" என்றார்.

அவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்குள் அவன் நூறு தடவை போயிருக்கிறான், எப்போதும் கொல்லைப்புற வழியாக, தோளில் சிமெண்ட் மூட்டையோடு. "ஏம்ப்பா, சுவத்துல இடிக்காம போ" என்பார்கள். தண்ணீர் கேட்டால் தோட்டத்துக் குழாயைக் காட்டுவார்கள். செருப்போடு வாங்க என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. அவன் முதுகு தானாகவே நிமிர்ந்தது.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் குனிந்து தரையை விரல் முட்டியால் தட்டினான். டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம். "பசையை நாலு மூலையில வெச்சு ஒட்டிட்டுப் போயிருக்கான் படுபாவி" என்றான். குளியலறையில் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் வந்தது. வாட்டம் தப்பு. மூன்று நாளும் இதையே மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தான். வாசலுக்கு வந்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் யார் தள்ளி விட்டார்கள் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எட்டுப் பேர் சாப்பாடு, எட்டுப் பேர் பாத்திரம், மணலோடு வந்து குதிக்கிற நாலு பிள்ளைகள். மனைவி எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள், எல்லோருக்கும் பின்னால் படுத்தாள். அக்கா வராந்தா நாற்காலியில் சாய்ந்தபடி, "நான் வரட்டுமாடி?" என்று அவ்வப்போது குரல் கொடுப்பாள். "இருங்க அண்ணி, முடிஞ்சிருச்சு" என்று பதில் வரும். அக்கா கெட்டவள் இல்லை. துணிக்கடையில் பொழுதுக்கும் நின்றே வேலை பார்க்கிறவள். உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். கடலுக்கு எல்லோரும் மூன்று தடவை போனார்கள். மனைவி ஒரு தடவை வந்தாள். வந்தவளும் அலையில் கால் நனைத்த கையோடு, "அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று திரும்பிவிட்டாள்.

கிளம்புகிற அன்று காலை பிள்ளைகளை மாமா வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா நல்ல சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவன் துவைத்துத் தேய்த்த சட்டையில் வாசற்படியில் நின்றிருந்தான். சாவி வாங்க வந்த வீட்டுக்காரம்மா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோனார். விரிப்பெல்லாம் உருவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, அளவு வாரியாக அடுக்கி இருந்தது. அந்தக் கடைசியில், சாயம் போன நைட்டியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மனைவி மண்டி போட்டு சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தாமலேயே கேட்டார், "கூடவே வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா சார்? நல்ல காரியம் பண்ணீங்க. வர்றவங்க போட்டுட்டுப் போற போடு இருக்கே, வாயில சொல்ல முடியாது."

அவன் வாயைத் திறந்தான். 'அது என் வீட்டுக்காரிங்க' என்று சொன்னால் தீர்ந்தது. சொன்னால் அந்தம்மா அவனை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்ப்பார். கை வெடிப்பில் ஏறிப்போன வெள்ளைச் சிமெண்ட் தெரியும். பொண்டாட்டியை மூன்று நாளும் மண்டி போடவிட்டு மினுக்கின சட்டை தெரியும். அதற்கப்புறம் சார் இருக்காது.

"ம்" என்றான்.

"எவ்வளவு நாளா உங்ககிட்ட இருக்கா?"

"பதினாறு வருஷமா இருக்காங்க."

அந்த 'ங்க'வை எங்கிருந்து சேர்த்தான் என்று அவனுக்கே தெரியாது. அதற்கு மேல் அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"பதினாறு வருஷமா! குடுத்து வெச்சவர் சார் நீங்க."

துடைக்கிற சத்தம் நின்றது. நின்று, மறுபடி தொடங்கியது. அக்கா சீப்பைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அவளாவது ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று அவனும் அவளைப் பார்த்தான். அக்கா தலையைக் குனிந்து சீப்பில் இருந்த முடியை எடுத்தாள்.

வீட்டுக்காரம்மா விடவில்லை. நேரே சமையலறை வாசலுக்குப் போனார். "ஏம்மா, இங்க வேலைக்கு இருந்தவ நின்னுட்டா. தங்கறதுக்கு இடம் தர்றேன். உங்க சார் விட்டா நீ வர்றியா?"

மனைவி எழுந்தாள். முழங்காலில் கையூன்றித்தான் எழுந்தாள். அவன் எழுகிற மாதிரியே எழுந்ததை அப்போதுதான் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவாள், மானம் கப்பலேறப் போகிறது, ஏறட்டும், தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லீங்கம்மா. பிள்ளைங்க எங்கிட்டயே வளர்ந்துட்டாங்க. விட்டுட்டு வர முடியாது" என்றாள். சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றப் போனாள்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு அறை வாங்கின மாதிரி போயிருக்கும். அவளோ அவன் பொய்யைக் கீழே விழாமல் பிடித்து, துடைத்து, மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

வேனில் யாரும் அதைப் பேசவில்லை. மாமாவுக்கு விஷயம் தெரியாது. அடுத்த வருஷமும் இதே வீடுதான் என்று பாதி வழி பேசிக்கொண்டு வந்தார். "எட்டுப் பேருக்கு இதை விட சௌகரியம் எங்க கிடைக்கும், சொல்லு" என்றார். அக்கா, "சும்மா வாங்க கொஞ்சம்" என்று அடக்கினாள். அவள் குரலும் அடங்கித்தான் போயிருந்தது. மனைவி கடைசி சீட்டில், மடியில் பிள்ளை தூங்க, தானும் தூங்கினாள். மூன்று நாளில் பகலில் அவள் கண்ணை மூடி அவன் பார்த்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டி ஈரத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"அந்தம்மாகிட்ட நான்..."

"தெரியும். விடுங்க."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள். பிள்ளையின் கால்சட்டைப் பையிலிருந்து மணலை உதறினாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் யாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதது அந்தம்மாவுக்குத்தான்."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அதில் தொங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

மறுநாள் அவள் ஹோட்டலுக்குப் போனாள். அவன் வேலை நடந்த வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கலவைக் கையைத் துடைத்துவிட்டு, போனில் வீட்டுக்காரம்மாவின் எண்ணைப் போட்டான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தான்.

"சொல்லுங்க சார், பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களா?"

அந்த ஒரு 'சார்' காதில் விழுந்ததும் பேச்சை மாற்றினான்.

"வந்துட்டோங்க. வந்து... எங்க பையனோட செருப்பு அங்க இருக்கான்னு..."

"இல்லியே சார். ஒண்ணும் கண்ணுல படல. அந்தப் பொம்பளை ஒரு துரும்பு விடாம துடைச்சுட்டுல்ல போயிருக்கா."

"சரிங்க" என்று வைத்துவிட்டான். பையனின் செருப்பு பையன் காலிலேயே இருந்தது.

அன்றிலிருந்து அந்த எண்ணை எடுத்து எடுத்துப் பார்க்கிறான். மனைவி கேட்பதில்லை, நினைவுபடுத்துவதும் இல்லை. சாப்பாடு போடுகிறாள், பேசுகிறாள், மாமா அடித்த ஜோக்குக்குச் சிரிக்கிறாள். அவன்தான் அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். "அவ என் பொண்டாட்டிங்க" என்று அந்த வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.