நாலு வாய் திறந்த வண்டி

பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோன மலர்க்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்று மாலைவரை பளபளவென்று நின்றிருந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. எஞ்சின் மொத்தமும் துண்டுதுண்டாக பெஞ்சின்மேல் பரப்பியிருந்தது.

"ஐயோ, இன்னா மாமா இது? பாலா சாரு பாத்தா மயக்கம் போட்டுடுவாரு!"

"அவருதான் பிரிக்கச் சொன்னாரு." அவள் கணவன் அருள்தாஸ் சிரித்தான். முகத்தில் கிரீஸ்.

"நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?"

"ஓடிச்சு. பத்தலையாம்."

பாலா செங்கல்பட்டு டாக்டர் வீட்டுப் பையன். வருகிற ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை கார்ப் பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டப்போகிறான். வண்டி சொன்னபடி பறந்தால் அவனுடைய நண்பர்களின் கார்களும் உத்திரமேரூரில் இந்தப் பட்டறைக்கே வரும். இல்லையென்றால் அருள்தாஸ் பட்டறையை மூடிவிட்டு, பழையபடி சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். அங்கே தங்குவது நாலு ஆண்களோடு ஒரே அறையில். மலர்க்கொடி இங்கேயே இருந்தாக வேண்டும், மாமியாரோடு.

அவள் வாலாஜாபாத்தில் பி.காம். முடித்தவள், அருள்தாஸைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். கோயிலை விட்டுவிட்டு மாதா கோயிலுக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து சிட்டம்மாள் மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் முற்றத்துக் கோழியிடம் சொல்வாள். "இன்னாமே, இன்னிக்கு ரசத்துல உப்பே காணோம், யாரு வெச்சது?" என்பாள். கோழி பதில் சொல்லாது. மலர்க்கொடி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைப்பாள்.

"சரி, இன்னா பண்ணப் போற?" என்று டிபன் கேரியரைத் திறந்தபடி கேட்டாள்.

"அதான் ரோசனை. எஞ்சினும் மூச்சு வாங்குற பிராணிதான் மலரு. எவ்ளோ காத்து இழுக்குதோ அவ்ளோ பவரு. காத்தை அழுத்தித் திணிக்கிற டர்போ வெக்கச் சொல்றாரு பாலா. வெச்சா இந்த பிஸ்டன் தாங்காது. எஞ்சின் ஹெட்டைச் சீவி அழுத்தம் ஏத்தலாம். ஆனா நம்மூரு பெட்ரோலுக்கு டொக்கு டொக்குன்னு இடிக்கும். அதனால கேம்ஷாஃப்ட்டை மாத்தி, சைலன்சரை அகலமாக்கி, காத்தும் பெட்ரோலும் கலக்குற கார்ப்பரேட்டரு ரெண்டு, பெருசா போடறேன்."

பெஞ்சின் ஓரத்தில் அந்தக் கார்ப்பரேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக நாலு அலுமினியக் குழல்கள் நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அணசைப் போல வாய் விரித்திருந்தன.

"இதுக்கு மூடி?"

"ஏர் ஃபில்டர் பொட்டி கீது. போட்டா அஞ்சாறு குதிரை சக்தி போயிடும். வாய் திறந்தே இருக்கட்டும். சத்தமும் சிங்கம் மாதிரி வரும்."

"வாயைத் திறந்து வெச்சா ஈ நுழையாதா?"

"உன் வாயில நுழையுதா இன்னா?" என்றான். கரண்டியால் அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

ஆயுத பூஜைக்குள் எஞ்சின் உள்ளே ஏறிவிட்டது. அருள்தாஸ் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனாலும் பட்டறைக்குப் பூஜை போடாமல் விட்டால் எந்த வாடிக்கையாளரும் ஒப்பமாட்டார். அந்த வேலை மலர்க்கொடியுடையது. ஸ்பேனர்களுக்கு, லேத்துக்கு, காருக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். நாலு குழல்களின் விளிம்பிலும் ஒவ்வொரு சாமந்தியைச் செருகினாள். பொரியும் கடலையும் படைத்தாள்.

"நாளைக்கு ஓட்டிப் பாக்கும்போது நானும் வரேன்" என்றாள்.

சிட்டம்மாள் பட்டறைக்குப் பின்னால் வீட்டு வேலியோரம் நின்று கோழியிடம் சொன்னாள்: "பேய் வண்டில பொம்பளைங்களும் ஏறுறாங்களாம். கேட்டியா கதைய?"

பூஜை முடிந்ததும் அருள்தாஸ் டார்ச் அடித்து, பூக்களையும் சிதறிய பொரியையும் ஒன்றுவிடாமல் பொறுக்கினான். சந்தனம் காயட்டும் என்று பானட்டை மட்டும் திறந்தே வைத்தான்.

மறுநாள் காலை ஏரிக்கரைச் சாலை. முதல் கியர், இரண்டாவது கியர். நாலு வாய்களும் ஒன்றாகக் கர்ஜித்தபோது மலர்க்கொடிக்கு மார்புக்குள் தவில் அடித்தது. "இன்னும் கொஞ்சம்?" என்றான் அருள்தாஸ். அவள் தலையாட்டினாள். அவன் முழுவதும் மிதித்தான். இருக்கை அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

எதிரே வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஆடுகள் சாலைக்கு ஏறின. அருள்தாஸ் காலை எடுத்தான்.

வண்டி குறையவில்லை.

அவள் அவன் காலைப் பார்த்தாள். கால் மேலேதான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் அலறிக்கொண்டே போனது. பிரேக்கை மிதித்தான். வண்டி முக்கியதே தவிர நிற்கவில்லை. ஆடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மேய்ப்பவன் கைகளைத் தூக்கிக் கத்துவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"மாமா!"

அவன் சாவியைத் திருப்பினான். அலறல் சட்டென்று அறுந்தது. டயர்கள் கீச்சிட்டன. மதகுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. ஒரு கிடா வந்து விளக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

மலர்க்கொடி கதவைத் திறந்து இறங்கினாள்.

"என் பூவுதான்" என்றாள். "ஒரு இதழு உள்ளே போயிருக்கும். என்னாலதான். ஞாயித்துக்கெழமை பாலா சாரு ஓட்டும்போது இப்படி ஆயிருந்தா..." மாமியார் இனி கோழியிடம் என்னவெல்லாம் சொல்லப்போகிறாளோ!

"இரு, பாக்கலாம்."

பானட்டைத் தூக்கினான். மூன்றாவது குழலுக்குள் ஏதோ பழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அவன் விரலை விட்டு மெல்ல இழுத்தான். பூ இல்லை. தீப்பெட்டி அளவு பழைய துணி. அதிலிருந்து போன கயிறு அடியில் ஆக்சிலரேட்டர் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தது. எஞ்சின் இழுத்த காற்றில் துணி உள்ளே போய், குழலை அடைக்கும் தகட்டை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது.

அருள்தாஸின் முகம் வெளுத்துவிட்டது. மதகில் நின்றபோதுகூட அவன் இப்படி ஆகவில்லை.

"இது எங்க நைனா கழுத்துல இருந்த உத்தரியம்" என்றான்.

அவனுடைய அப்பா லாரி ஓட்டியவர். மாதா படம் தைத்த அந்தத் துணியைக் கழுத்தில் போடாமல் வண்டி எடுத்ததில்லை. அவர் காய்ச்சலில் போன பிறகு சிட்டம்மாள் அதை யாரையும் தொடவிட்டதில்லை.

வண்டியை மறுபடி கிளப்பத் துணிவில்லாமல் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். சிட்டம்மாள் வாசலில் நின்றிருந்தாள். மகன் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நீயா கட்ன? இது உள்ள போயி மாட்டிக்கிச்சு. மதகுல மோதப் பாத்தோம்!"

சிட்டம்மாளின் வாய் திறந்து திறந்து மூடியது. "வெடிகாலைல கட்னேன்டா. யாரும் பாக்கக் கூடாதுன்னு அடில கட்னேன். காப்பாத்தும்னுதான... ஐயோ, மாதாவே!" தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் எத்தினியோ வண்டி ஓட்டிக்கீறேன். ஒரு நாளும் எனக்கு இதைக் கட்டலையே நீ?"

"நீ ஒருத்தன் போறதுன்னா வுட்டிருப்பேன்" என்றாள் சிட்டம்மாள். "அவளும் ஏறுறேன்னு சொன்னாளே!"

மலர்க்கொடிக்கு ஏரிக்கரையில் வந்த அதிர்ச்சியே பரவாயில்லை போலிருந்தது. காதில் விழுந்தது சரிதானா? கோழி தன்பாட்டுக்கு முற்றத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சிட்டம்மாள் அதைப் பார்க்கவில்லை. நேராக இவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடி கிடி பட்டுச்சா மலரு? உக்காரு. நாஷ்டா துன்னியா இல்லியா?"

"இல்ல அத்தை" என்று சொல்வதற்குள் மலர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் அருள்தாஸ் நாலு வாய்களையும் மூடி ஏர் ஃபில்டர் பெட்டியைப் பொருத்தினான். பாலாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். "ஆறு குதிரை குறையும் சார். சிங்கமும் கத்தாது. ஆனா கால எடுத்தா நிக்கும்." வண்டி சுவருக்கு எவ்வளவு முன்னால் நின்றது என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. பிறகு, "பெட்டியோடவே கொண்டு வாங்க" என்றான் பாலா.

ஞாயிறு பந்தயத்தில் வண்டி பெட்டியோடுதான் ஓடியது. நாலாவதாக வந்தது. அடுத்த வாரமே பாலாவின் நண்பனுடைய நீலக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது.

அதையும் மலர்க்கொடியும் சிட்டம்மாளும் சேர்ந்துதான் சுற்றிவந்து பார்த்தார்கள். உத்தரியம் இப்போது மருமகளின் கையில் இருந்தது.

"இந்த வண்டில எங்க கட்றது அத்தை?"

சிட்டம்மாள் பானட்டை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். "அந்தச் சனியன் பக்கமே போவாத. கண்ணாடில கட்டு. எல்லாரும் பாத்தா பாத்துட்டுப் போவட்டும்."