புள்ளி வைக்கும் வேலை

பொங்கலுக்கு முந்தின நாள் பள்ளி வாசலில் கோலம் போடுவது மல்லேஸ்வரத்து ஆசிரியைகள் இருவரின் வழக்கம். விஞ்ஞானம் நடத்தும் வத்சலா புள்ளி வைப்பாள். தமிழ் நடத்தும் காந்தா அவற்றைச் சுற்றி இழை இழுப்பாள். காந்தாவோடு தோள் இடிக்க உட்காரும் அந்தக் காலை வேளைக்காக வத்சலா வருஷம் முழுவதும் காத்திருப்பாள்.

இந்த வருஷம் புது பாட்டு டீச்சர் பவுலினும் வந்து நின்றாள். யுத்தம் முடிந்ததும் பினாங்கிலிருந்து திரும்பிய குடும்பம்.

"மலாய்க்காரங்க கோலம்னா குளத்தைச் சொல்லுவாங்க மிஸ். நம்ம குளந்தான் கப்பலேறிப் போய் அப்படி ஆச்சாம்."

"அடடே! இத்தனை நாள் எங்கடி இருந்தே நீ?" என்றாள் காந்தா. வத்சலாவிடம் அவள் ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியதில்லை.

கன்னடத்திலும் குளத்துக்குக் 'கொள' என்றுதான் பெயர் என்று வத்சலா சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை.

"வத்சு, இன்னிக்குப் பவுலின் புள்ளி வைக்கட்டுமே."

வத்சலா மாவுக் கிண்ணத்தைக் கொடுத்தாள். மூன்றாவது வரிசையில் பவுலின் ஒரு புள்ளியை விட்டுவிட்டதை அவள் உடனே பார்த்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கடைசியில் காந்தாவின் இழை சேராமல் நின்றது.

"எங்கே தப்புன்னு பாரேன் வத்சு. நீதானே புள்ளிக் கணக்குல புலி."

"தெரியலையே."

இனி காந்தா எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கிண்ணத்தைத் தன்னிடம் நீட்டுவாள் என்று வத்சலா காத்திருந்தாள். காந்தா சிரித்தாள்.

"போனா போகட்டும். இது உன் பினாங்குக் குளமாவே இருக்கட்டும்டி பவுலின். ஒரு மீன் போடு."

இருவரும் தோள் இடிக்கக் குனிந்தார்கள்.

"வத்சு, தண்ணிக்கு நீலப் பொடி வேணும். உள்ளேருந்து எடுத்துட்டு வாயேன்."