கீழ் வரிசை ஆணி

பிச்சையா தன் குடையை அந்த ஆணியில் மாட்டினார். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சொர்ணம்மாள் அழுகையைப் பாதியில் நிறுத்தி, "அத்தான், அதுல மாட்டாதீங்கோ" என்றாள்.

தந்தி கிடைத்ததும் நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவர் அவர். கூடத்தில் கிடத்தியிருப்பது அவருடைய கூடப் பிறந்த தம்பி. சாவு வீட்டில் குடையை எங்கே மாட்டுவது என்று தம்பி பெண்டாட்டி அபிப்பிராயம் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சுவரை ஏறிட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தபால் அட்டை தொங்கியது. கடைசி வரிசையில், வாசல் நிலைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த இந்த ஒன்றுதான் காலி.

"சும்மாதானே கெடக்கு?"

"சும்மா கெடக்கல. அதுக்கு ஆளு வரணும்."

பிச்சையா குடையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சொர்ணம்மாள் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

செத்துப்போன தம்பி பகவதிப்பெருமாள், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கப்பிள்ளை. கள், சீட்டு, வெற்றிலை ஒன்றும் கிடையாது. ரேடியோ மட்டும்தான். அதிலும் பாட்டோ செய்தியோ கேட்டிருந்தால் வீட்டில் எல்லாருக்கும் பிரயோஜனமாக இருந்திருக்கும். அவர் கேட்டதெல்லாம், அரசாங்கத்திடம் லைசன்சு வாங்கித் தங்கள் வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு, உலகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களைத்தான். இவருக்குப் பேச லைசன்சு இல்லை. பேசுகிற ஆசையும் இல்லை. விடியற்காலையில் எழுந்து ரேடியோவின் கேட்புக் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். பிறகு அந்த ஆளுக்கு ஒரு அட்டை எழுதுவார்: இன்ன தேதி, இன்ன நேரம், நீங்கள் பேசியது எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்டது. சில மாதம் கழித்து அந்த ஆளிடமிருந்து படம் அச்சிட்ட ஒரு அட்டை வரும்: ஆமாம், அது நான்தான்.

"அவன் பேசினது அவனுக்கே தெரியாதாக்கும்? நீங்க எழுதித்தான் தெரியணுமா?" என்று கல்யாணமான புதிதில் சொர்ணம்மாள் கேட்டாள். அவர் அதை நெடுநேரம் யோசித்தார். பிறகு குழாயை மாட்டிக்கொண்டார். எந்தக் கேள்விக்கும் அவர் அப்படித்தான். ஐஸ்லாந்துக்காரன் இருமினால் கேட்கும் காதுக்கு, அடுக்களையிலிருந்து உப்புப் புளி தீர்ந்துபோனதென்று சொன்னால் கேட்காது.

அதனால்தான் இன்று காலையில் அந்த விபரீதம் நடந்தது. காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாள், பதில் இல்லை. காப்பி ஆறியது. "ஊரு உலகமெல்லாம் பேசுகது காதுல விழும், பெண்டாட்டி பேசுகது மட்டும் விழாது" என்று ஆரம்பித்து, அவருடைய குடும்பம், அவருடைய அம்மா, வீட்டு ஓட்டின் மேல் கட்டியிருந்த ஏரியல் கம்பி என்று எதையும் பாக்கி வைக்காமல் திட்டி முடித்தாள். பிறகுதான் தோளைத் தொட்டாள். செத்துப்போன ஒருவரை அவ்வளவு நேரம் திட்டியிருக்கிறோம் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு சொல் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

அட்டைகளைத் தூரப்படி மாட்டியிருந்தார். உச்சியில் பிரேசில், நியூசிலாந்து. அதன் கீழே ஐஸ்லாந்து, ஜப்பான். பிறகு மதராஸ், இலங்கை, கொல்லம். எல்லாவற்றுக்கும் கீழே, காலியாக, திருவனந்தபுரம்.

திருவனந்தபுரத்திலிருந்து அவர் கேட்ட குரல் ஒன்றே ஒன்றுதான். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துச் சேஷன், மின்சார இலாகா என்ஜினீயர். நடந்தே போய்விடலாம். சேஷனின் குரலை முதன்முதலில் கேட்டதும் பகவதிப்பெருமாள் வழக்கம்போல அட்டை எழுதினார். குரல் தெளிவு என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னணியில் ஈ மொய்ப்பதுபோல் ஓர் இரைச்சல் கேட்கிறது என்றும் எழுதினார்.

என்ஜினீயரின் கருவியில் ஈ! சேஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு எழுதினால் பதில் அட்டை அனுப்புவதாகச் சொல்லியனுப்பினார். காதில் விழுந்ததை அடிக்க முடியாது என்று இவர் சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. மகாராஜா ஆட்சி போனது, ராஜ்யமே கொச்சியோடு சேர்ந்தாயிற்று, இவர்கள் இருவரும் மட்டும் சேரவில்லை. கோயில் நடையில் எதிரே பார்த்தால் சேஷன் கோபுரத்தைப் பார்ப்பார், இவர் தெப்பக்குளத்தைப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஆணியில் சட்டையையோ பையையோ மாட்டுவார்கள். பகவதிப்பெருமாள் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வேறிடத்தில் வைப்பார்.

பாடை கட்டி முடியும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேஷனே வந்து நின்றார். கையில் ஒரு அட்டை.

"அம்மா, நான் சேஷன்."

"தெரியும். ஒருக்கா அவ்வோ காதுக் குழாயை வாங்கி உங்க கொரலைக் கேட்டிருக்கேன்" என்றாள் சொர்ணம்மாள். "இரைச்சல் இல்லாம கேக்கதுனால ஒரு நிமிஷம் சந்தேகமாப் போச்சு."

சேஷன் தலையைக் குனிந்தார். "அவர் எழுதினது வாஸ்தவம்தான். அவர் கார்டு வந்த வாரமே கண்டன்சரைக் கழட்டி மாத்தினேன். இரைச்சல் நின்னுடுத்து. வேற ஒருத்தருக்கும் அது காதுல விழலை அம்மா. இவர் ஒருத்தர்தான் சொன்னார். சொன்னவருக்குப் பதில் போடாம நான் என்னமோ..." அட்டையின் மேல் விழுந்த தூசியைத் தட்டினார். "எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன். இரைச்சல் உட்பட."

அட்டையை நீட்டினார். ஒரு பக்கம் கோயில் கோபுரம் அச்சிட்டிருந்தது.

பிச்சையாவுக்குப் பெரிய நிம்மதி. பொழுது சாய்கிறது, பாடையைத் தூக்க நேரமாகிறது. "வாங்கி அவன் நெஞ்சுல வை சொர்ணம். ஆசைப்பட்டது கூடவே போட்டும்."

சொர்ணம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, கிடந்த புருஷனைத் தலையால் காட்டினாள். "அவ்வோ கையில வாங்கமாட்டாவோ. தபால்ல வரணும்."

"ஏட்டி, உனக்குப் பித்தா?"

"கொல்லத்துக்காரரு ஒருத்தரு ரயிலேறி இதுமாதிரி ஒரு கார்டக் கையிலே கொண்டாந்தாரு. காப்பி குடுத்து, சோறு போட்டு, கார்டத் திருப்பிக் குடுத்துட்டாவோ. ஊருக்குப் போயி தபால்ல போடும், முத்திரை விழாத கார்டு கார்டில்லன்னு சொன்னாவோ. அந்தா தொங்குகு பாருங்கோ, கொல்லம். கொல்லத்துக்கு ஒரு நியாயம், கோட்டைக்கு ஒரு நியாயமா?"

"அம்மா, கேக்கறது நியாயம்தான்" என்றார் சேஷன். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செத்துப்போனவரைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டார்.

வீட்டுக்குள் மகள் மங்கலம், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள். விதுரா என்ற ஊரில் கட்டிக்கொடுத்த பெண். சொர்ணம்மாள் அதை மடமடவென்று குடித்தாள். இத்தனை வருஷமாக அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். ஒட்டடை அடிக்க முடியாது, வெள்ளையடிக்க முடியாது, ஒரு சாமி படம் மாட்ட இடம் கிடையாது. ஆனாலும் அந்த ஆணி காலியாகவே கிடந்தால் மனுஷன் தோற்றுப் போனவராகப் போய்ச் சேருவார் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

பாடையின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தவர் தபால்காரர் குட்டன்பிள்ளை. அந்த வீட்டுக்கு அவரளவுக்கு வந்துபோனவர் வேறு யாருமில்லை.

அதற்குப் பிறகு சொர்ணம்மாள் தபாலுக்காகக் காத்திருந்தாள். நடுவில் ஐஸ்லாந்திலிருந்து ஒரு அட்டை வந்தது. குட்டன்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். கோட்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. என்ஜினீயர் சாவு வீட்டில் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, அவருக்குத் தனியாக ஒரு திட்டுத் தயார் செய்து வைத்தாள்.

அதை உபயோகிக்க முடியாமல் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் சேஷனே மூச்சிரைக்க வந்து அட்டையை நீட்டினார். தபால்தலை ஒட்டி, முத்திரை விழுந்து, விலாசத்துக்குக் குறுக்கே சிவப்புப் பென்சிலால் மலையாளத்தில் எழுதியிருந்தது. மங்கலம் வாசித்தாள்: "ஆள் மரிச்சுபோயி."

"அன்னிக்கே போட்டேன்" என்றார் சேஷன். "எனக்கே திரும்பி வந்துடுத்து. பிரேசிலுக்கு ஒழுங்காப் போறது, நாலு தெரு தாண்டிப் போகமாட்டேங்கறது!"

மறுநாள் காலையில் சொர்ணம்மாள் நடைவாசலுக்கே வந்து நின்றாள். புருஷன் செத்துப் பதினாறு நாள் கழியாத பெண் வாசலில் நிற்கலாமா என்று பிச்சையா உள்ளேயிருந்து முனகினார். அது அவள் காதில் விழவில்லை. அந்த வீட்டுக் காது அப்படி.

"குட்டன்பிள்ளே, இங்க வாரும். அவ்வோ செத்துப்போனது உமக்கு எப்பிடித் தெரியும்?"

குட்டன்பிள்ளை திகைத்துப் போனார். "எந்தா அம்மா இது? ஞானல்லே தோளு குடுத்தது?"

"தோளு குடுத்தது குட்டன்பிள்ளையா, தபால்காரரா?"

"அம்மா, சட்டம் அதாக்கும். ஆளு மரிச்சுபோனா அனுப்பினவருக்குத் திருப்பணும். ஞான் கண்ணால கண்டாச்சு. கண்டுட்டு எங்ஙனெ காணலைன்னு எழுதும்?"

"அப்பம் ஐஸ்லாந்துக் கார்டு? அதக் கொண்டாந்து குடுத்தீரே. அன்னைக்கு அவ்வோ எந்திரிச்சு உக்காந்திருந்தாவளா?"

குட்டன்பிள்ளை பையின் வாரைத் திருகினார். "அது கடலெல்லாம் கடந்து வந்ததல்லே அம்மா. திருப்பி அனுப்ப மனசு வரல்ல. இது கோட்டையிலிருந்துதானே. எளுப்பம், சட்டுன்னு திரும்பிப் போவும்னு..."

"எல்லாரும் இதத்தான் சொல்லுகியோ" என்றாள் சொர்ணம்மாள். மேற்கொண்டு சண்டை போடத்தான் நினைத்திருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல இருக்கவன்னா எப்பம் வேணும்னாலும் ஆச்சுன்னு விட்டிருகியோ. நானும் அப்பிடித்தான் விட்டுட்டேன்."

குட்டன்பிள்ளை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அந்தக் கார்டயே ஒண்ணுகூடி, இன்னொரு தடவை, போடச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் கருமாதி அடியந்திரத்தன்று காலையிலிருந்து தூறல். இலையில் சோறும் அவருக்குப் பிடித்த உளுந்தங்களியும் வைத்து முற்றத்து ஓரத்தில் காக்காவைக் கூப்பிட்டார்கள். செத்தவருக்கு மனக்குறை இருந்தால் காக்கா வந்து தொடாது, உட்கார்ந்து யோசிக்கும். இந்தக் காக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. இலையை வைத்துக் கை எடுப்பதற்குள் இறங்கி, களியைக் கொத்திக்கொண்டு ஓட்டின் மேல் ஏரியல் கம்பியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா சொர்ணம், ஒரு குறையும் இல்லாமப் போயிருக்கான்" என்றார் பிச்சையா. எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள்.

சொர்ணம்மாள் காக்காவை முறைத்துப் பார்த்தாள். அதற்கென்ன தெரியும், களி தின்கிற கழுதை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் மணிச் சத்தம் கேட்டது. குட்டன்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்கி, சாப்பிட வந்தவர்போல இல்லாமல், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, வழக்கமாகத் தபால் கொடுக்கும் இடத்தில் நின்று, வழக்கமான குரலில் கூப்பிட்டார்.

"பகவதிப்பெருமாள் பிள்ளை, தபால்!"

பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். சொர்ணம்மாள் எழுந்துபோய் வாங்கினாள். பக்கத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த சேஷன், கோபுரத்தையும் பார்க்காமல் குளத்தையும் பார்க்காமல் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அட்டையில் இன்னொரு தபால்தலை, இன்னொரு முத்திரை. சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்த "ஆள் மரிச்சுபோயி" அப்படியே இருந்தது. அதன்மேல் அதே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தது.

அவள் கூடத்துக்குப் போய் கீழ் வரிசை ஆணியில் அதை முத்திரைப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினாள்.

"அம்மே, கோபுரம் வெளியே தெரியணும். திருப்பி மாட்டு" என்றாள் மங்கலம்.

"இருக்கட்டு."

மழை வலுத்தது. சமையற்காரரை அவசரப்படுத்திவிட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து வந்த பிச்சையா, சொட்டச் சொட்ட நனைந்த குடையை மடக்கி, ஞாபகமில்லாமல் அந்த ஆணியை நோக்கிக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. குடையைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டியது.