ஷப்னத்தைச் சுற்றி எண்பது மீட்டர்

மலேசியாவின் ஈப்போவில் பிறந்த ஷப்னத்தின் மேல் இதுவரை ஒரு துளி மழைகூட விழுந்ததில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊர் அது. சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து மதியம் மூன்று மணிக்கு மேகம் ஏறி வரும், நாலுக்குக் கொட்டும், ஐந்தரைக்கு விடும். குழந்தை பிறந்து நாற்பதாவது நாள், அப்படிக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்த குல்ஜார் பேகம், குழந்தையும் நனையவில்லை, தானும் நனையவில்லை என்பதைக் கண்டு கணவரிடம் போய்ச் சொன்னாள். அவள் கணவர் ஜைனுலாப்தீன் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருந்தார். அவர் யோசிக்கவே இல்லை. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கு வெளியே, சாலையோரம் போட்டிருந்த மேசைகளின் நடுவில் வைத்தார். அன்று அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடவில்லை. அத்தோடு அந்த அதிசயத்தைப் பற்றிய ஈப்போவின் விசாரணை முடிவடைந்தது.

ஆறு வயதில் அவளைச் சுற்றிப் பன்னிரண்டு அடிக்கு மழை விழவில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள், அடக்கத்துக்குக் கூப்பிட்டார்கள், லாரியிலிருந்து அரிசி இறக்கும்போது கூப்பிட்டார்கள். கூடாரம் வாடகைக்குப் பிடிப்பதைவிட இது சுலபம். அவள் பெயருக்குப் பனித்துளி என்று பொருள் என்பதைச் சொல்லிச் சிரிக்க ஒவ்வொரு விருந்திலும் ஒருவர் இருந்தார், அவர் ஒவ்வொரு முறையும் தானே முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டார். ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டவர் மட்டும் யாருமில்லை. சனிக்கிழமை சும்மாத்தானே இருக்கே என்றுதான் கேட்டார்கள்.

கேட்காததால் தெரியாமல் போனது, அவளுக்கு மழை என்றால் உயிர் என்பது. கடை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டுவாள். நீட்டிய அளவுக்கு மழை பின்வாங்கும். தொட முடியாததை அவள் பார்த்துப் பார்த்தே படித்தாள். எந்த மலை இடுக்கு வழியாக மேகம் வந்தால் இடி, எதன் வழியாக வந்தால் வெறும் தூறல், தகரக் கூரைகள் எந்தப் பக்கம் முதலில் படபடத்தால் எத்தனை நிமிடத்தில் கொட்டும், எல்லாம் பள்ளிக் குறிப்பேடுகளில் ஏறின. பதிமூன்று வயதில் ஐந்து நிமிடம் பிசகாமல் சொன்னாள். அதையும் ஜைனுலாப்தீன் வீணாக்கவில்லை. மகள் சொல்வதை வைத்து மாலைக்கு எத்தனை படி சோறு வடிக்கலாம் என்று முடிவு செய்தார்.

கல்லூரியில் வானிலையியல் படிக்கப் போவதாக அவள் சொன்ன அன்று, சொந்தக்காரர்கள் கூடி வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தௌஃபிக், "டிவியில நின்னுகிட்டு மேப்ப காட்டுறதுக்கு நாலு வருசமா? அதான் போன்லயே இருக்கே லா," என்றான். மாமி ஒருத்தி, வானத்தைப் பார்க்கக் கழுத்து இருந்தால் போதும், டிகிரி எதற்கு என்றாள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வெளிமேசைகளைப் பற்றிய கவலை. ஷப்னம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இவர்கள் தலைக்கு மேலே தினம் பத்து மைல் உயரத்துக்கு ஒரு கோட்டை எழும்பி இடிந்து விழுகிறது, இவர்கள் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் கொடியில் கிடக்கும் துணியைத்தான் என்று நினைத்தாள். அன்று மாலை மழை வந்தபோது தரையில் ஈரம் தொடங்கும் இடத்தைக் காலடியால் அளந்தாள். வட்டம் இரண்டு அடி கூடியிருந்தது. பிறகு கவனித்து வந்ததில் விஷயம் தெளிவானது. மனதுக்குள் யாரையாவது மதிப்பில்லாமல் நினைத்த நாளில் அது விரியும். ஈப்போவில் வளர்ந்தவளுக்கு அதற்கு வாய்ப்புக் குறைவில்லை.

கல்லூரி அதை வேகப்படுத்தியது. அவளுடைய விரிவுரையாளர் டாக்டர் ஸ்ரீனிவாசன், இடிமேகங்களைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவர். பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே அசல் இடிமேகம் ஒன்று எழும்பினால், திரையில் படம் மங்குகிறது என்று திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்வார். முதலாண்டுச் செய்முறையில் ஷப்னம் வைத்த மழைமானிகள் எல்லாம் காலியாக இருந்தன. வகுப்பில் மற்றவர்கள் முப்பது மில்லிமீட்டர், நாற்பது மில்லிமீட்டர் என்று எழுதிக்கொடுத்தபோது அவள் உண்மையைச் சொல்லிப் பூஜ்யம் என்று எழுதினாள். அவர் அவளுக்கும் பூஜ்யம் போட்டார். அவள் அவரைக் கொட்டுகிற மழையில் ஆய்வுக்கூடத்திலிருந்து கேண்டீன் வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் வழி முழுதும் தமக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பற்றிப் பேசினார். கேண்டீன் வாசலில் தம் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதிடாதேம்மா. ரெஃபரன்ஸ் கிடைக்காது," என்றார்.

அன்றைக்கு மட்டும் வட்டம் நாலு மீட்டர் விரிந்தது. அதன் பிறகு அவள் மழைமானிகளை வட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்தாள். போய் அளவு பார்த்து வந்து சொன்னவள் புஷ்பலதா, அதே வகுப்பில் படித்தவள், சிலிம் ரிவர்க்காரி. வானிலையில் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது, இடம் கிடைத்தது, வந்தாள். ஆனால் நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்று என்றே சொல்வாள். ஷப்னம் தன் வாழ்நாளில் இகழ நினைக்காத முதல் ஆள் அவள்தான்.

சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் அபர்லீ என்று ஒரு தோட்டம் இருந்தது, தமிழர் வாயில் அப்பளித் தோட்டம். ரப்பர் வெட்டு நின்று இருபது ஆண்டாகிவிட்டது. இருந்தும் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இருபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன, புஷ்பலதாவின் அம்மா காளியம்மாவின் குடும்பமும் அதில் ஒன்று. லயத்துக்கு நேர் மேலே இருந்த குன்றை ஈப்போ தேனப்பன் வாங்கி, ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கி, டுரியான் பழமரங்கள் நடுவதற்காகப் படிப்படியாக வெட்டிச் சிவப்பு மண்ணாக விட்டிருந்தார். கடைசி ஆண்டு ஆய்வுக்காக இரண்டு பெண்களும் அந்தச் சரிவில் ஏழு மழைமானிகள் வைத்துப் பத்து மாதம் அளந்தார்கள். கணக்கு எளிமையானது. மூன்று நாள் விடாமல் நூறு நூறு மில்லிமீட்டர் பெய்தால் குன்று கீழே வரும். நவம்பர் நடுவில் அப்படிப் பெய்யும் என்று ஷப்னம் பத்து நாள் முன்பே கண்டாள்.

தேனப்பன் அத்தாவின் கடைக்கு வாடிக்கையாக வருபவர். நண்டுக் குழம்பில் கையை வைத்திருந்தவரிடம் அவள் போய்ச் சொன்னாள். அவர் நண்டின் கொடுக்கை உடைத்து உறிஞ்சிவிட்டு, "பாய், ஒரு சொட்டு நனையாத பிள்ளை மழையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குது பாருங்க," என்றார். கடையே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். வரும் சனிக்கிழமை தேனப்பனின் மகள் செகப்பியின் கல்யாண விருந்து, திறந்த புல்வெளியில், எழுநூறு பேருக்கு. அங்கே ஷப்னம் வந்து உட்காருவாள் என்று அத்தா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை தொடங்கியது. ஷப்னமும் புஷ்பலதாவும் அப்பளிக்குப் போய் வீடு வீடாகச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. வீட்டைக் காலி செய்தால் மறுநாளே தேனப்பனின் ஆட்கள் இடித்துவிடுவார்கள், மாற்று வீடு தருவதாகச் சொல்லி ஒன்பது ஆண்டாகிறது என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காளியம்மா வாசலில் நின்று மகளிடம், "இதப் படிக்கத்தான் அனுப்பிச்சேனா? மழை பெய்யிதுன்னு நானே சொல்லுவேன் லா," என்றாள். அதற்கு மேல் ஷப்னம் வாதாடவில்லை. வட்டம் அப்போது எண்பது மீட்டர் இருந்தது. லயத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு சரிவின் நடுவில் போய்ப் போட்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துக் குன்றுகளெல்லாம் வெள்ளைத் திரைக்குள் மறைந்தன. அவள் இருந்த சரிவு காய்ந்து, நடுப்பகலில் புழுதிகூடப் பறந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தேனப்பனும் ஜைனுலாப்தீனும் காரில் வந்து இறங்கி, குடை பிடித்து ஏறி, வட்டத்துக்குள் நுழைந்ததும் குடையை மடக்கினார்கள். மடக்குகிறோம் என்ற நினைப்புக்கூட அவர்கள் முகத்தில் இல்லை.

"வாம்மா, நேரமாச்சு. ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு," என்றார் தேனப்பன்.

"நான் எந்திரிச்சா இந்த மலை இறங்கிரும்."

"இது என் மலை. நான் சொல்றேன், இறங்காது."

அத்தா குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல மானம் போயிரும் ஷப்னம். வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னையக் கேட்டுக் குடுத்தீங்களா அத்தா?"

ஜைனுலாப்தீன் உண்மையிலேயே குழம்பிப்போனார். இருபத்திரண்டு ஆண்டில் அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. மகளின் கால் செருப்பைப் பார்த்தார், திரும்பி இறங்கினார். ஷப்னத்துக்கு அழுகை வந்தது, அவர்கள் கார் ஏறும் வரை அடக்கிக்கொண்டாள். அன்று மாலை ஈப்போவில் எழுநூறு பேரும் நனைந்தார்கள். பிரியாணிச் சட்டிகளில் தண்ணீர் நின்றது. மணப்பெண் செகப்பி பட்டுப்புடவையோடு மழையில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள், அவள் ஒருத்திதான் அந்த விருந்தை ரசித்தவள்.

ஞாயிறு காலை காளியம்மா ஒரு டிபன் கேரியரோடு மேலே வந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, "நீ உக்காந்தா மண்ணு நிக்கிமாக்கும்," என்றாள், ஏளனமாகத்தான். ஷப்னம் அவளைக் குன்றின் உச்சிக்குக் கூட்டிப்போனாள். அங்கே தரையில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. மேலே விழாத மழை, குன்றின் பின்பக்கம் விழுந்து மண்ணுக்கு அடியில் ஊறி வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ஒரு விரல் நுழைந்த வெடிப்பில் காளியம்மா கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. உள்ளே தண்ணீர் ஓடுவது அவள் விரலில் பட்டது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நான் இருந்தா பொழுது சாயிற வரைக்கும். அம்மா, எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

காளியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் யாரிடமும் வானிலை பேசவில்லை. வீடு வீடாக நுழைந்து அடுப்பை அணைத்தாள், கேஸ் சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையில் வைத்தாள். சிலிண்டருக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள், பெண்களுக்குப் பின்னால் பிள்ளைகள், கடைசியில் திட்டிக்கொண்டே ஆண்கள். மதியம் ஒரு மணிக்குள் இருபத்திரண்டு குடும்பமும் பள்ளி மண்டபத்தில் இருந்தன. புஷ்பலதா கீழிருந்து கையசைத்த பிறகுதான் ஷப்னம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் நகர நகர, அவள் விட்ட இடத்தில் மழை வந்து நிரம்பியது. இரண்டு இருபதுக்குக் குன்று வந்தது. லயம் முழுதும் போயிற்று, ஒரு மோட்டார் சைக்கிளும் ஐந்து கோழிகளும் போயின. ஆள் யாரும் இல்லை.

யாரும் சாகாததால் அது பெரிய விஷயமாகவில்லை. பிழைத்தவர்களில் சிலர், அவள் இறங்கியதால்தான் மலை இறங்கியது, இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். தன் மலை நன்றாகத்தான் இருந்தது, ஒருத்தி மேலே உட்கார்ந்து காயவைத்து வெடிக்க வைத்துவிட்டாள் என்று தேனப்பன் அறிக்கை விட்டார். ஈப்போவில் நனைந்த எழுநூறு பேரும் அதை நம்பினார்கள். டாக்டர் ஸ்ரீனிவாசன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்து, மண்சரிவுக்கு முந்தைய மூன்று நாளும் ஏழு மழைமானிகளிலும் மழையே பதிவாகவில்லை, ஆகவே முடிவு ஏற்கத்தக்கதல்ல என்று எழுதிச் சுமாரான மதிப்பெண் போட்டார். ஷப்னம் அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். வட்டம் அன்று நூறு மீட்டரைத் தாண்டியது.

பட்டம் வாங்கிய பிறகு ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊரில் ஒரு சிறு வானிலைக் கண்காணிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நிலையத்து மழைமானி பாதிக்கப்படாமல் இருக்க, அவளுடைய மேசையை மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் போட்டுக் கொடுத்தார்கள். கடற்காற்று, மேகம், அலை எல்லாவற்றையும் அங்கிருந்தே எழுதினாள். அவள் சொன்னால் படகு போகும், வேண்டாமென்றால் போகாது, யாரும் சிரிக்கவில்லை. மீன் காயவைக்கும் பெண்கள் ஒரே வாரத்தில் பாய்களை அவளைச் சுற்றி விரித்தார்கள். மழைக்காலத்திலும் கருவாடு காய்ந்த ஒரே ஊர் அதுதான். "தள்ளி உக்காரு லா, மீன்ல நெழல் விழுது," என்று அதட்டுவார்கள். அவள் தள்ளி உட்காருவாள்.

இரண்டாம் ஆண்டு ஒரு குறை வந்தது. ஓரத்துப் பாய்கள் நனையத் தொடங்கின. அளந்து பார்த்தால் வட்டம் எழுபது மீட்டருக்கு வந்திருந்தது, பிறகு அறுபது, பிறகு நாற்பது. அந்தப் பெண்களில் மூத்தவளான நவமணி காரணம் கேட்டாள், இங்கே மட்டமாக நினைக்க யாருமில்லை என்று ஷப்னம் மறைக்காமல் சொன்னாள். நவமணி ஒரு சாளை மீனைக் கிழித்து உப்புத் தடவியபடி யோசித்தாள்.

"நவம்பர் வருது. ஈப்போவுல ஒங்க ஆளுங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

"அப்ப போயி ஒரு மூணு நாள் இருந்துட்டு வா."

ஷப்னம் போனாள். அத்தா அவளை வெளிமேசையில் உட்காரவைத்தார், தௌஃபிக் நாளைக்கு மழை வருமா என்று கேட்டுவிட்டுத் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டான், சாப்பிட வந்த தேனப்பன் மலையைப் பற்றிப் பேசினார். நாலாம் நாள் காலைப் பேருந்தில் அவள் திரும்பினாள். அன்று பிற்பகல் மழை வந்ததும் பெண்கள் நாடாவைப் பிடித்து அளந்தார்கள். தொண்ணூற்றாறு மீட்டர். பாய்கள் போதவில்லை, பக்கத்து ஊரிலிருந்து வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.