மதகைத் தாண்டி

விடிவதற்குச் சற்று முன் ஆற்றங்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பிரகதாம்பாள், மதகு கண்ணில் பட்டதும் நின்றுவிட்டாள். தினமும் நிற்பது இந்த இடத்தில்தான். மூச்சு முட்டவில்லை, கால் வலிக்கவில்லை. ஆனால் மதகுக்கு அந்தப் பக்கம் சாலை வளையும் இடத்தில் நிற்கும் புங்க மரத்தைப் பார்த்ததும் முழங்காலுக்குக் கீழே இருப்பது யாருடைய கால்களோ என்றாகிவிடும். போன வைகாசியில் அவள் கணவர் அமிர்தலிங்கம் டி.வி.எஸ். வண்டியோடு அந்த மரத்தடியில்தான் கிடந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி திரும்பவில்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது.

ஊரில் யாரும் அதை நம்பவில்லை, யாரும் அதைப் பேசவும் இல்லை. ஆற்றில் மணல் அள்ளும் துரைராசுக்கு, லாரிகள் மெயின்ரோட்டுக்கு நேராக ஏற ஒரு குறுக்கு வழி வேண்டியிருந்தது. அந்த வழியில் இருந்தது இவர்களுடைய நெல் வயல். அமிர்தலிங்கம் கொடுக்க மாட்டேன் என்றார், தாலுகா ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு அலைந்தார், ஒருநாள் லாரியின் முன்னால் போய் உட்கார்ந்தும் விட்டார். துரைராசு அதற்காகக் கோபித்துக்கொண்டவர் இல்லை. அவர் எதற்குமே சத்தம் போடுவதில்லை. சென்னையில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவருடைய வேட்டியின் கரை மட்டும்தான் மாறும். மணல் அவருடையதாகவே இருக்கும்.

பிரகதாம்பாள் ஓட வந்ததற்குக் காரணம் மெஹராஜ் பேகம். அமிர்தலிங்கத்தை வாரம் இரண்டு தடவை கூட்டிப்போகும் திருவாரூர் மறுவாழ்வு மையத்தில் அவள்தான் பிசியோதெரபிஸ்ட், நாகூர்ப் பெண். அடிபட்டுப் படுத்தவர்களைச் சக்கர நாற்காலியிலாவது உட்கார வைக்கும் இடம் அக்கம்பக்கத்தில் அது ஒன்றுதான். அதை மூடும் நிலை வந்தபோது, நிதி திரட்ட சித்திரையில் ஒரு மாரத்தான் நடத்துவது என்று மெஹராஜ் முடிவுசெய்து, நோயாளிகளின் வீட்டாரையே ஓடக் கேட்டாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தான் வேலை பார்க்கும் அங்கன்வாடிப் பிள்ளைகளின் பின்னால் தவிர வேறெதற்கும் ஓடியறியாத பிரகதாம்பாள், தான் ஓடுவதாகச் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக அவள் தெருவில் இறங்கியபோது, வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியோடு நின்று பார்த்தார்கள்.

"ஒரே துண்டு ரோட்டுல போயிப் போயி வந்தா பத்தாதுக்கா," என்றாள் மெஹராஜ். "திரும்பிடலாம்னு மனசு பழகிப்போயிரும். நீளமா, நேரா ஓடணும்."

"நேரா போனா மதகு வருதும்மா."

மெஹராஜ் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள்.

மதகில் நின்ற அந்தக் காலையில் வீட்டுக்குத் திரும்பி வந்து கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னிக்கும் மதகோட திரும்பிட்டியா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சீக்கிரம் வந்துட்டியே." முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "தாண்டிப் போவாத, பிரகா. அன்னிக்கு நான் லைட்ட பாத்தேன். வளைவுல ஒதுங்கி நின்ன லாரி, என்னப் பாத்த பொறவுதான் கெளம்புச்சு. ஓட்டுனவன் மூஞ்சியும் தெரிஞ்சுது. துரைராசோட மச்சான்."

அவள் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. "இத்தினி மாசமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்தது நீதான். தெனம் ரோட்டுல போயி வர்றவ."

அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் குனிந்து குனிந்து கேட்டபோதெல்லாம் இந்த மனுஷன் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. மயக்கம் என்று நினைத்திருந்தாள். அவருடைய வாயைக் கட்டிவைத்திருந்தது துரைராசு அல்ல, தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நினைப்பு அவளைப் பயப்படுத்தவில்லை. யார்மேல் என்று தெரியாத ஒரு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

மறுநாள் மதகு வந்ததும் வழக்கம்போல் கால்கள் தளர்ந்தன. தளர்ந்த காலோடேயே ஓடினாள். புங்க மரத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. தரையில் பூ உதிர்ந்து கிடந்தது, வேறொன்றும் இல்லை. அதைத் தாண்டி ஓட ஆரம்பித்தபோதுதான் பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக ஓடியது. லாரி முந்திப் போகவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அவள் வேகத்துக்கே உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. ஒரு பக்கம் வறண்ட ஆறு, மறுபக்கம் உளுந்து வயல். குதித்துவிடலாம். குதித்தால் நாளைக்கு இந்தச் சாலைக்கு வர மாட்டோம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேகத்தைக் கூட்டினால் மூச்சு போகும், குறைத்தால் வண்டி முதுகைத் தொடும். ஆகவே ஓடிய மாதிரியே ஓடினாள். திரும்பிப் பார்க்காமல், அடுத்த சாலையோரக் கல்லை மட்டும் பார்த்து, அது வந்ததும் அதற்கடுத்ததைப் பார்த்து. கரைச் சாலை முடிந்து மெயின்ரோட்டில் ஏறியதும் லாரி அவளை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஈர மணலிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவள் தோளிலும் முகத்திலும் தெறித்தது.

வீட்டில் அமிர்தலிங்கம் அவளுடைய நனைந்த தோளைப் பார்த்தார். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அதன்பிறகு அவள் ஒருநாளும் மதகோடு திரும்பவில்லை. சில காலைகளில் வெளிச்சம் பின்னால் வந்தது. சில காலைகளில் வரவில்லை. வராத நாட்கள்தான் கடினமாக இருந்தன. ஒவ்வொரு வளைவையும் அது நிற்குமோ என்று பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருந்தது.

மாரத்தான் அன்று விடிகாலையில் திருவாரூரில் பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் மையத்தின் பெயர். முதுகில், கைகூப்பியபடி துரைராசு.

"கடைசி நேரத்துல அவரு பணம் தர்றேன்னாரு, டிரஸ்டிங்க ஒத்துக்கிட்டாங்கக்கா," மெஹராஜின் கண் கலங்கியிருந்தது. "எனக்கே ராத்திரிதான் தெரியும். நீங்க ஓடலன்னாலும் நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்."

பிரகதாம்பாள் பனியனை வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போய், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிச் சுடிதாரின் மேல் போட்டுக்கொண்டு வந்தாள். மெல்லிய துணியில் அந்த முகம் மங்கலாகத் தெரியத்தான் செய்தது. கொடியசைக்க வந்த துரைராசு வரிசையாக எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்து அவளிடம் நின்றார். புரட்டிப் போட்டிருந்த தையலைப் பார்த்தார். சிரித்தார்.

"ஆத்தங்கரப் பக்கம் ஓடுறியாமே தங்கச்சி. லாரி போற ரோடு. பாத்து, ஓரமா ஓடு."

"அவரும் ஓரமாத்தான் போனாருங்க," என்றாள் பிரகதாம்பாள்.

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துரைராசின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அவள்மேல் கொஞ்சம் அதிகமாகத் தங்கியது. பிறகு நகர்ந்து போய்க் கொடியை அசைத்தார்.

வெயில் ஏறிய பிறகு, கடைசி ஆட்களில் ஒருத்தியாக அவள் ஓடி முடித்தாள். அதற்குள் யாரோ போனில் விஷயத்தை ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது அமிர்தலிங்கம் சட்டை போட்டு, தலை சீவி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து தானே இறங்கியிருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு.

"அவர்ட்டயே சொல்லிட்டியாமே," என்றார். "இனிமே நான் வாய மூடிட்டிருந்து என்ன? ஆட்டோவுக்குச் சொல்லு. ஸ்டேஷனுக்குப் போவோம்."

"நாளைக்குப் போவலாங்க. நிக்க முடியல எனக்கு."

"நாளைக்கின்னா எனக்குத் தைரியம் இருக்குமோ என்னமோ."

ஸ்டேஷன் வாசலில் உயரமான படிகள். நாற்காலி ஏற வழியில்லை. மர நிழலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்தார்கள், வரவில்லை. பிரகதாம்பாள் நாற்காலியைத் திருப்பி, தான் மேல்படியில் பின்பக்கமாக ஏறி, கைப்பிடிகளை இழுத்தாள். தொடை நெருப்பாக எரிந்தது. சக்கரம் ஒரு படி ஏறியது. முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க அண்ணே. ரெண்டு பேருந்தான். வாசல்லயே இருக்காங்க."

அமிர்தலிங்கம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காலை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த படிக்கு இழுத்தாள்.