வெள்ளாங்குளம் என்று முடியும் முகவரி

2008 ஆனி மாதம், மீன்பிடிக் கிராமமான தாழ்வுபாட்டில் செலீனா நடத்திய கொமியூனிகேஷன் கடைக் கணினிக்கு, வெள்ளாங்குளம் என்று முடியும் முகவரியிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. உலகத்தில் எந்த இணைய முகவரிக்கும் அப்படியொரு கடைசிச் சொல் அப்போது கிடையாது. வெள்ளாங்குளத்தில் கரண்டும் கிடையாது. ஷெல் மட்டும் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. எழுதியவன் அவளுடைய புருஷன் சிங்கராசா. கச்சான் கடலை பிடுங்க அங்கே போனவன், சண்டையில் பாதை பூட்டுப்பட்டதால் திரும்பவில்லை. "நான் சுகம். சாப்பிட்டன். நீ?" என்பதற்கு மேல் அவன் எழுதுவதில்லை, தாலி கட்டிய நாளிலும் அவனுக்குப் பேச்சு அவ்வளவுதான். ஒவ்வொரு மடலும் திறக்கும்போது விசைப்பலகையில் செம்மண் படியும். செலீனா அதைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். ஆமிக்காரர் இரண்டு முறை வந்து கணினியைக் கழற்றிப் பார்த்து, மண்ணைத் தவிர ஒன்றும் அகப்படாமல் போனார்கள்.

வெள்ளாங்குளம் ஆமியிடம் பிடிபட்டு, சனமெல்லாம் கிழக்கே ஓடிய பிறகும் மடல் நிற்கவில்லை. ஐப்பசியில், கணினி திருத்தும் பொடியன் காமில் ஒரு செய்தி கொண்டுவந்தான். முகவரிகளின் கடைசிச் சொல்லை ஆளும் வெளிநாட்டுச் சபை, புதிய சொற்களுக்கு விண்ணப்பக் கட்டணம் போடப்போகிறதாம். தாழ்வுபாட்டில் கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். பாட்டுக்குத் தொகை சொன்னால் மறுநாள் மதிய மணிக்குள் கட்டவேண்டும். கட்டாதவன் வலை கடலில் இறங்காது. இணையத்துக்கும் அதுவே சட்டம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. தொகையும் வந்தது: ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் டொலர். ஊரை வள்ளம் வலையோடு விற்றாலும் காணாது.

ஊரில் பாடுகளுக்குத் தொகை போடும் வலைச் சொந்தக்காரர் லோறன்ஸ் சம்மாட்டி அன்றைக்கே ஒரு வழி சொன்னார். கடலில் காணாமல் போனவனின் பாட்டுக்கு ஊரில் காசு வாங்குவதில்லை. ஆளைக் காணவில்லை என்று பெண்சாதி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அப்பிடியே சபைக்கு எழுதுவம், பிள்ளை. அவையும் மனுசர்தானே."

"காணேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது, சம்மாட்டியார்? காலமையும் சாப்பிட்டனெண்டு எழுதினவர்."

"சொல்லாட்டி மெயில் நிண்டுபோம்."

"சொன்னா ஆளே நிண்டுபோவார்."

அவள் எழுதவில்லை. மறுநாள் மதியம், தவணை முடியும் நேரம், ஊரே கடைக்குள் நெருக்கியடித்து நின்றது. காவலுக்கு நின்ற ஆமிப் பொடியனும் வாசலில் எட்டிப் பார்த்தான். கோயில் மணி அடித்தது. திரை அசையவில்லை. செலீனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி மணி ஓய்ந்தபோது, என்றுமில்லாதபடி செம்மண் கொட்டி விசைகளையே மூடியது. திரையில் சிங்கராசாவின் மடல்:

"காசை இஞ்ச கட்டியாச்சு. நீ ஒண்டுக்கும் யோசியாத."

கட்டுவதற்கு சிங்கராசாவிடம் என்ன இருந்தது? இரண்டு மூட்டை கச்சான், இடுப்பில் ஒரு சாரம், பிறகு உயிர். எதைக் கட்டினான் என்று செலீனாவுக்கு விளங்கிவிட்டது. அவள் குழறி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பேரில், செத்தவருக்கு வைக்கும் ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுத்தாள். பூசை முடிந்து வந்து கடையைத் திறந்து, மண்ணைத் துடைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களோ?" என்று எழுதினாள்.

"ஓம். நீ?" என்று பதில் வந்தது. இன்றைக்கும் வருகிறது, கட்டணம் கட்டிய முகவரி அல்லவா.